ரோஸ்லின் அக்கா வாசித்த மூன்று ஓலை

செய்தி வந்தபோது நான் ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலையின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு. பெண்ணின் முந்தானை காற்றில் பறக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. அந்த ஊரில் முந்தானை மட்டுமா பறக்கும், ஆளே பறந்துவிடுவான். செல்போனில் ஒன்றும் கேட்கவில்லை. காருக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து காதோடு சேர்த்துப் பிடித்தேன். தக்கலை மெடிக்கல் ஷாப்காரர் செல்லத்துரை அண்ணன் பேசினார். “மணி, நம்ம ரோஸ்லின் போயிட்டாவே. காலம்பற ஆறு மணிக்கு. உன்னட்ட நான்தான் சொல்லணும்னு தோணிச்சு.” சரி அண்ணே என்று மட்டும் சொன்னேன். எழுந்து போய் மீதிப் படத்தையும் எடுத்து முடித்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சில வரிகள். தக்கலையில் செல்லத்துரை அண்ணனின் மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, ஒற்றை அறையில், பதினைந்து வருடம், பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொடுத்தவர் ரோஸ்லின். குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அப்பா கட்டுமரத்தில் போனவர், தம்பி வளைகுடாவில் கப்பலில். கடலில் போகிறவர்களின் வீட்டில் பிறந்தும் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், சொந்தக் கடையின் மாடிப்படிக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே கரண்டுக்குப் பயம். கம்ப்யூட்டருக்குள் கையை விடும் முன் ஒவ்வொரு முறையும், உடம்பில் தேங்கிய கரண்டு இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்வார், மாதா கோயிலுக்குள் நுழைகிறவர்கள் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைப்பது போல. நாங்கள் கேலி செய்வோம். அவருக்குக் கோபம் வராது. “பேடி உள்ளவனுக்க கையிலதான் ஸ்க்ரூடிரைவர குடுக்கணும்” என்பார். எங்கள் பக்கத்தில் பயத்தைப் பேடி என்றுதான் சொல்வோம். “பேடி இல்லாதவன் ஆணிய முறிச்சுப் போடுவான்.”

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கடை போட்ட முதல் வருடம் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாற்றிப் போடும்போது, அழிக்க வேண்டிய பகுதியை விட்டுவிட்டு அழிக்கக் கூடாத பகுதியை அழித்துவிட்டார். அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. படியில் இறங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். அரை மணி நேரம் அப்படியே இருந்தாராம். “அவரு ஏசியிருந்தா நான் மறந்திருப்பேன் மக்கா” என்று அக்கா சொல்வார். அதற்குப் பிறகுதான் ஓலை வாசிக்கத் தொடங்கினார்.

கத்தோலிக்கர் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடியும்போது, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். அதுதான் ஓலை. அக்கா அதைக் கொண்டுவந்து ஹார்டு டிஸ்குக்கு வைத்தார். ஒரு டிஸ்கை அழிக்கும் முன், சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, திரையில் தெரிவதைச் சத்தமாக வாசிப்பார். “இதுல உள்ளது எல்லாம் போவும். தடை உண்டா?” தடை இல்லை என்று சொல்ல வேண்டும். மறுபடியும் வாசிப்பார். மறுபடியும். மூன்று ஓலையும் முடிந்தால்தான் அவர் விரல் பொத்தானுக்குப் போகும். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு நிறைய வந்திருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது இதுவரை அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. சகாயராஜ் இதை எங்கிருந்தாவது வாசித்தால் என்னை மன்னிக்கட்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மழைக்காலம். சகாயராஜின் அம்மா லூர்தம்மாள் இறந்துபோனார். மகன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருந்தான், வர விடவில்லை. எங்கள் மாவட்டத்தில் சாவு வீட்டுக்கும் வீடியோ எடுப்பார்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பிறகு வந்து பார்க்க வேண்டுமே. நான்தான் எடுத்தேன். இரண்டு சின்னக் கேசட். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேசட்டை என்ன செய்தேன் தெரியுமா? அதே வாரம் குலசேகரத்தில் ஒரு கல்யாணம். கையில் புதுக் கேசட் இல்லை. லூர்தம்மாளின் மேலேயே தாலிகட்டை எடுத்தேன். ஏற்றித்தான் வைத்திருக்கிறோமே என்ற திமிர். அடுத்த வாரம் இடி விழுந்து என் கம்ப்யூட்டரின் போர்டு கருகிப்போனது. மிஞ்சியது ஹார்டு டிஸ்க் மட்டும். முப்பதாம் நாள் பூசைக்குச் சகாயராஜுக்கு லீவு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறான். அவன் அம்மாவின் முகம் உலகத்தில் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது.

அக்காவிடம் புது மிஷின் கேட்டேன். படம் ஏற்றும்போது விட்டு விட்டு ஏறுகிறது, வேகம் வேண்டும், இரண்டு டிஸ்கைச் சேர்த்துப் பூட்டி ஒன்றாக ஓட்டித் தாருங்கள் என்றேன். அப்போது எடிட்டிங்காரர்களுக்குள் அதுதான் பேச்சு. ரெய்டு என்று சொல்வோம். அக்காவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“மணி, இது ரெண்டு பேரு கூடி ஒரு கடிதம் எழுதுகது போலயாக்கும். ஒரு வரி இவன், ஒரு வரி அவன். ஒருத்தன் செத்தா மத்தவனுக்க கையில உள்ளத வச்சு ஒண்ணும் வாசிக்க முடியாது, கேட்டியா?”

“வேலை பாக்கதுக்கு மட்டும்தானே அக்கா. பூட்டுங்க.”

புது டிஸ்க் இரண்டும் என் பழைய டிஸ்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே முகம். அக்கா கீழே போய்ச் செல்லத்துரை அண்ணனிடம் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கிவந்து, பழைய டிஸ்கின் முதுகில் ஒட்டி, பேனாவால் ‘சகாயத்துக்க அம்மா’ என்று எழுதி அலமாரியின் மேலே வைத்தார். “விண்டோஸ் ஏறி முடியுகது வர இது கீழ வரப்பிடாது.”

விண்டோஸ் ஏறவில்லை. கம்ப்யூட்டர் ஓடியது, சிடி சுற்றியது, நீலத் திரை வந்தது. ஹார்டு டிஸ்க் எதுவும் காணவில்லை என்று சொன்னது. இரண்டு டிஸ்க் உள்ளே உறுமிக்கொண்டிருக்க, ஒன்றுமே இல்லை என்று அது சாதித்தது. அக்காவுக்குக் காரணம் தெரியும். சேர்த்துப் பூட்டிய டிஸ்கை அந்த விண்டோஸுக்கு அடையாளம் தெரியாது. டிரைவர் என்கிற சின்ன மென்பொருளை, தொடக்கத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தி, பிளாப்பி என்கிற பழைய சதுரத் தட்டில் கொடுக்க வேண்டும். பிளாப்பியில் மட்டும்தான் வாங்கும். புது மிஷினில் பிளாப்பி போடும் பெட்டியே இல்லை. கருகிப்போன என் பழைய மிஷினிலிருந்து கழற்றிப் பூட்டினோம். அதன் விளக்கு அணையாமல் எரிந்தது. நாடா போன்ற அதன் வயரைத் தலைகீழாகச் செருகியிருந்தோம். திருப்பிச் செருகினால் பிளாப்பி படிக்கிறது, பாதியில் நிற்கிறது. மழைக்கால ஈரத்தில் கடையில் இருந்த பிளாப்பி எல்லாம் பூஞ்சை. ஒன்பது பிளாப்பி போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. அன்று சாயங்காலம் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. நான் மேசையைக் குத்தினேன்.

மறுநாள் காலை அக்கா நல்ல பிளாப்பி வாங்க நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். “நீ ஒண்ணும் தொடப்பிடாது, சும்மா இரி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சும்மா இருக்க எனக்கு வராது. உட்கார்ந்திருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. இடி போர்டைக் கருக்கியிருக்கிறதே, டிஸ்கையும் தொட்டிருந்தால்? ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் போதும் என்று அலமாரி மேலிருந்து எடுத்துக் காலியாக இருந்த முதல் துளையில் செருகினேன். அது ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தியிருக்கலாம். டிஸ்குகளைச் சேர்க்கும் திரை கண்ணில் பட்டது. சேர்த்ததில்தான் கோளாறு, அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் விண்டோஸுக்குத் தெரியும் என்று பிரவுசிங் சென்டரில் எதையோ வாசித்திருந்தேன். பழைய சேர்க்கையை அழித்தேன். பட்டியலில் மூன்று டிஸ்க், மூன்றும் ஒரே பெயர். முதல் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். இவற்றில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. ஒரே ஒரு தடவைதான் கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன்.

அழுத்திய விரலை எடுக்கும் முன்பே, முதல் துளையில் எதைச் செருகினேன் என்பது ஞாபகம் வந்தது.

நம்பவில்லை. மிஷினை அணைத்து, பிளாஸ்திரி ஒட்டிய டிஸ்கின் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். சேர்க்கை முறிந்துவிட்டது, ஒரு டிஸ்கைக் காணோம் என்று சிவப்பில் வந்தது. அப்படியானால் அதுதான் உள்ளே போயிருக்கிறது. கீழே மெடிக்கல் ஷாப்பில் யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்கும் சத்தம் கேட்டது. இனி நான் எந்த முகத்தோடு சகாயராஜின் முன் நிற்பேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

அதற்குப் பிறகு செய்ததுதான் எல்லாவற்றையும் விடக் கேவலம். வயரைத் திரும்பச் செருகினேன். சேர்க்கையில் சேராமல் மிஞ்சிய புது டிஸ்கைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் ஒளித்தேன். பக்கவாட்டுத் தகட்டை மூடி ஆணி போட்டேன். அக்கா வந்தார், குடையை மடக்கினார். “தொட்டியா?” என்று கேட்டார். “இல்ல” என்றேன்.

புது பிளாப்பி முதல் தடவையே படித்தது. இரண்டு நாளாக எதைக் காட்டு காட்டு என்று கெஞ்சினோமோ, அதை விண்டோஸ் காட்டியது. பெரிய டிஸ்க் ஒன்று, காலியாக. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அதுவரை நான், விண்டோஸ் எதையும் காட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

“இஞ்ச வா” என்றார். எழுந்து போய் நின்றேன். திரையைத் தொடாமல் விரலால் காட்டி வாசித்தார். “இதுல உள்ளது எல்லாம் போவும். தடை உண்டா?”

போனது போய்விட்டது, சொன்னால் திரும்பவா போகிறது என்று எனக்குள் ஒருவன் பேசினான். “இல்ல” என்றேன்.

“இதுல உள்ளது எல்லாம் போவும். தடை உண்டா?”

“இல்ல அக்கா.”

மூன்றாவது தடவை வாசிக்கும் முன் அக்கா, வழக்கம்போல, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். அப்போது அலமாரியின் பக்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் நான் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

“இதுல உள்ளது எல்லாம் போவும். தடை உண்டா?”

“தடை உண்டு” என்றேன். “அக்கா, தடை உண்டு. சகாயத்துக்க அம்மா உள்ள இருக்கு.”

கரண்டுக்குப் பயந்த அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? சுவிட்சைத் தேடவில்லை. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து வயரையே பிடுங்கினார். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், இழுப்பறையில் ஒளித்தது உட்பட. அக்கா ஏசவில்லை. வக்கீல் குமாஸ்தா ஏன் ஏசாமல் படியில் உட்கார்ந்தார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

“விண்டோஸ் ஒண்ணும் எழுதல்லை” என்றார் கடைசியில். “நீ சேர்த்ததுல பொருளடக்கம் உள்ள தாள் கிழிஞ்சிருக்கும். பாடம் கெடக்கும்னு நெனைக்கேன். நெனைக்கத்தான் செய்யேன் மக்கா, சத்தியம் பண்ண மாட்டேன்.”

மறுநாள் காலை, அந்த டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் தனியாகப் பூட்டி, தொலைந்ததைத் தேடும் ஒரு மென்பொருளை ஓட்டினார். அது ஒவ்வொரு துளியாகத் தடவித் தடவிப் போனது. ஒன்பது மணிக்குத் தொடங்கியது, மதியம் வரை ஒன்றும் காட்டவில்லை. மழை. கரண்டு போய்விடுமோ என்று ஒரு பயம், போனால் பேட்டரி தாங்குமோ என்று இன்னொரு பயம். அக்கா ஜெபமாலையை உருட்டினார். நான் சாமி கும்பிட மறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அன்று எங்கள் குலசாமியையும் அவருடைய மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டேன். இரண்டரை மணிக்குத் திரையில் ஒரு பெயர் வந்தது. ‘லூர்தம்மாள் 1’. கொஞ்ச நேரம் கழித்து ‘லூர்தம்மாள் 2’. நான் துள்ளி எழுந்தேன். அக்கா எழவில்லை.

“பேரு வந்தா போதுமா? முகம் வரணும்.”

வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு மணி ஐம்பது நிமிடம். வீட்டு முற்றம், கோயில், கல்லறைத் தோட்டம். அறியாத ஒரு வீட்டின் அழுகையை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பெட்டியை மூடும் முன் நான் முகத்துக்கு நெருங்கி எடுத்திருந்தேன். அந்த இடம் கெடாமல் ஓடி முடிந்த பிறகுதான் அக்கா தண்ணீர் குடித்தார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “ரெண்டு தடவ இல்லன்னு சொன்னியே, ஏம்லே?”

“நாணமா இருந்து. அப்புறம் பேடி.”

“அதுக்குத்தான் மூணு” என்றார். “மொத ஓலைக்கு நாணம் வாயைப் பொத்தும். ரெண்டாவதுக்குப் பேடி பொத்தும். மூணாவதுலதான் ஆளு பேசுவான்.”

புது மிஷினில் விண்டோஸ் வியாழக்கிழமை ஏறியது. மறுபடி புது டிஸ்குகள் இரண்டையும் சேர்த்து, மறுபடி மூன்று ஓலை வாசித்து. வெள்ளிக்கிழமை சகாயராஜ் வந்தான். அம்மாவின் முகம் வந்த இடத்தில், “அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க” என்றான். நிறுத்தினேன். கையை நீட்டித் திரையைத் தொட்டான். கதவோரம் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து நான் ஒரு கேசட்டின் மேல் இன்னொன்றை எடுத்ததில்லை.

இந்தக் கதையோடு நிறுத்தினால் அக்காவின் பயம் ஏதோ ஒரு வரம் போலத் தோன்றும். அப்படி இல்லை. போன மாதம் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். புற்றுநோய் முற்றியிருந்தது, மறுநாள் ஆபரேஷன். சம்மதக் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லி நர்ஸைப் படுத்தியிருக்கிறார். அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “பேடியா இருக்கு மக்கா” என்றார். “பேடி உள்ளவங்க கையிலதான் ஸ்க்ரூடிரைவர் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னது” என்றேன்.

“அப்பம் அது எனக்க கையில இருந்து” என்றார். “இப்பம் வேற யாருக்கயோ கையில.”

என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் அடக்கத்துக்கு, கப்பலில் இருந்த தம்பிக்குக் கரை வர வழியில்லை. போனில் அழுதான். “மணியண்ணா, அக்காவுக்க முகம் நல்லா தெரியணும்.” நானே எடுத்தேன். கடற்கரைக் கோயில், மணல், மழை இல்லாத நல்ல வெயில். மூன்று இடத்தில் நகல் வைத்து, மூன்றையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்து, தம்பிக்கும் அனுப்பிவிட்டேன்.

இப்போது கேசட் இல்லை, கேமராவில் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, அதில் அக்காவின் அடக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அதைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அழிக்கவா என்று கேமரா ஒரு தடவை கேட்டது. நான் எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயம் ஒன்றுதான், அதை விட மனமில்லை. ஆளில்லாத அறையில் சத்தமாக வாசித்தேன். இதில் உள்ளது எல்லாம் போகும், தடை உண்டா? இரண்டு தடவை யாரும் பேசவில்லை. மூன்றாவது தடவை நானே சொன்னேன், தடை உண்டு அக்கா. கார்டை வெளியே எடுத்து, ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பெயர் எழுதி, மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். கல்யாணத்துக்கு வேறு கார்டு போட்டுக்கொண்டு போனேன்.